எஃகின் உரமும் உலையின் சூடும்

நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபொழுது எங்கள் வீட்டிற்குப் புதிய வெட்டரிவாள் ஒன்று வந்தது. எங்கள் ஊர் ஆசாரியிடம் தாத்தா சொல்லிச் செய்து வாங்கியது அது. முதல் நாளே கருவேல விறகில் ஓங்கி வெட்டியபொழுது அதன் வாயில் விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டு தெறித்தது. தாத்தாவின் கன்னத்தை உரசிக்கொண்டு போய்த் திண்ணைச் சுவரில் மோதி விழுந்தது. இன்னும் ஓர் அங்குலம் மேலே போயிருந்தால் ஒரு கண் போயிருக்கும்.

அரிவாள் மழுங்கவில்லை, வளையவும் இல்லை, உதிர்ந்தது. அதுதான் தாத்தாவுக்கு விளங்கவில்லை. மறுநாள் பட்டறைக்குப் போனபொழுது நானும் உடன் போனேன்.

"என்ன ஆசாரி, கண்ணாடி மாதிரி உதிர்ந்து போச்சே?" என்றார் தாத்தா.

ஆசாரி அரிவாளின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "தோய்ச்சல் முறுகிப் போச்சுங்க ஐயா. இரும்புக்குக் கோபம் இன்னும் தணியல. மறுபடி அனல் காட்டித் தாரேன்" என்றார்.

இரும்புக்குக் கோபமா என்று அன்று நான் சிரித்தேன். இயற்பியல் மாணவனாகி, பொருள்களின் பண்புகள் பற்றிய பாடத்தைப் படித்த பிறகு அந்தச் சிரிப்பை நினைத்து வெட்கப்படுகிறேன். அந்த ஆசாரி ஒரே வாக்கியத்தில் சொன்னதை விளங்கிக்கொள்ள உலோகவியலார்க்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதிலும் ஒரு பகுதியை அவர்கள் பெரும் விலை கொடுத்தே கற்றார்கள். அக்கதையையே இக்கட்டுரையில் சொல்ல முற்படுகிறேன்.

மூன்று சொற்கள்

பேச்சில் நாம் 'கெட்டியான இரும்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அறிவியலில் அது போதாது. கடினம், உறுதி, உரம் என மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கடினம் என்பது கீறலையும் பள்ளத்தையும் எதிர்க்கும் தன்மை. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு ஒன்றை 3,000 கிலோகிராம் பளுவால் எஃகின்மேல் அழுத்தி, விழுகின்ற பள்ளத்தை அளந்தால் பிரினெல் எண் கிடைக்கிறது. உறுதி என்பது இழுவிசையைத் தாங்கும் அளவு. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கூறுவோம். பொதுவாக எஃகில் கடினம் கூடினால் உறுதியும் கூடும். இரண்டும் ஒருவீட்டுப் பிள்ளைகள்.

மூன்றாவதான உரம் வேறு வீடு. வயலுக்கு இடும் உரத்தை இங்கே நினைக்க வேண்டா; 'உரமேறிய உடம்பு' என்கிறோமே, அந்த உரம். முறிவதற்கு முன் ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலை உட்கொள்ளும் என்பதும், ஏற்கெனவே ஒரு கீறல் இருக்குமானால் அக்கீறல் ஓடிவிடாமல் எந்த அளவுக்குத் தடுத்து நிறுத்தும் என்பதுமே உரம். கண்ணாடி கடினமானது, ஆனால் உரமற்றது. செம்பு மென்மையானது, ஆனால் உரமுடையது. அரிவாளுக்கு இரண்டும் வேண்டும். வாய் மழுங்கவும் கூடாது, உதிரவும் கூடாது. தொல்லை எல்லாம் இந்த 'இரண்டும் வேண்டும்' என்பதில்தான் தொடங்குகிறது.

உரத்தை அளக்கும் கருவி நம் முதலாண்டு மாணவர்க்கும் எளிதில் விளங்கக்கூடியது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஜார்ஜ் சார்ப்பி 1901இல் இதற்கு வடிவம் கொடுத்தார். 10 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் தடிப்பும் 55 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எஃகுத் துண்டின் நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்திற்கு ஒரு வெட்டு இடுவர். கனத்த ஊசல் ஒன்று குறித்த உயரத்திலிருந்து விழுந்து வெட்டுக்குப் பின்புறமாக அத்துண்டை அடித்து முறித்துவிட்டு மறுபக்கம் ஏறும். விழுந்த உயரத்துக்கும் ஏறிய உயரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஊசலின் எடையால் பெருக்கினால், முறிவு விழுங்கிய ஆற்றல் கிடைத்துவிடுகிறது. நிலையாற்றலைப் பற்றி நாம் படித்த முதல் பாடமே இதற்குப் போதும்.

உலையில் நடப்பது

இரும்பு அணுக்கள் சாதாரண வெப்பநிலையில் ஒரு வகையாகவும், செஞ்சூட்டில் வேறு வகையாகவும் அடுக்கப்பட்டுள்ளன. குளிர்ந்த நிலையில் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் அதன் நடுவிலும் அணுக்கள் இருக்கின்றன. செஞ்சூட்டில் மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் இருக்கின்றன. இந்தச் சூடான அமைப்பை ஆஸ்டெனைட் என்பர். இவற்றுள் கார்பனுக்கு இடம் கொடுப்பது ஆஸ்டெனைட்டே. 1,147° செ. வெப்பத்தில் அது ஏறத்தாழ 2 விழுக்காடு கார்பனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். குளிர்ந்த அமைப்போ, 727° செ. வெப்பத்தில்கூட 0.02 விழுக்காட்டுக்கு மேல் ஏற்காது.

ஆகவே சிவக்கக் காய்ந்த எஃகை மெல்ல ஆறவிட்டால், இடமின்றிப் போன கார்பன் மெதுவாக வெளியேறி, இரும்புடன் சேர்ந்து சிமென்டைட் என்னும் சேர்மமாகத் தகடு தகடாகப் படிந்துவிடும். எஃகு மென்மையாகவே இருக்கும். அதையே தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கார்பனுக்கு வெளியேற நேரம் இராது. அமைப்பு மாறியே தீரவேண்டும். உள்ளே சிக்கிய கார்பனோ அசைய மறுக்கிறது. இந்த இழுபறியில் கனசதுரம் ஒரு பக்கமாக நீண்டு கோணிப்போகிறது. செருமானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் பெயரால் இதனை மார்ட்டென்சைட் என்கிறோம். ஒவ்வோர் அணுவும் அருகிலுள்ள அணுவை நெருக்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் நிற்பதால் இதில் வழுக்கல் நிகழ்வது அரிது. வழுக்கல் இல்லையேல் பள்ளம் விழாது, எனவே கடினம். வழுக்கல் இல்லையேல் கீறலின் முனை மழுங்கவும் வழியில்லை. எனவே நொறுங்கும் தன்மை. ஆசாரி சொன்ன கோபம் இதுதான்.

இதை நம் ஆய்வுக்கூடத்திலேயே பத்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். தையல் ஊசிகள் மூன்று, புன்சன் அடுப்பு ஒன்று, இடுக்கி ஒன்று, ஒரு குவளைத் தண்ணீர் ஆகியவை போதும். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்வது அவசியம். முதல் ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, சுடரிலிருந்து அங்குலம் அங்குலமாக விலக்கி ஆறவிடுங்கள். அது கம்பிபோல வளையும். இரண்டாவதைச் சிவக்கக் காய்ச்சி உடனே தண்ணீரில் போடுங்கள். வளைக்க முயன்றால் 'டக்' என்று ஒடியும். மூன்றாவதையும் அப்படியே தோய்த்து எடுத்து, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, சுடருக்கு மேலே சற்று உயரத்தில் பிடித்து, நீலநிறம் ஓடியதும் எடுத்துவிடுங்கள். அது வளையும், விட்டால் நிமிரும். ஒரே பெட்டியில் இருந்த ஊசிகள், ஒரே கார்பன். வேறுபாடு முழுவதும் சூட்டிலும் ஆறுதலிலுமே உள்ளது.

மூன்றாம் ஊசிக்கு நாம் செய்ததே பதமாக்கல். தோய்த்த எஃகை மீண்டும் மிதமாகச் சூடாக்கும்பொழுது சிக்கியிருந்த கார்பன் சிறிது சிறிதாக விடுபட்டு நுண்துகள்களாகப் படிகிறது. உள் இறுக்கம் தளர்கிறது. பளபளப்பான பரப்பில் படியும் ஆக்சைடுப் படலத்தின் தடிப்புக்கேற்ப நிறம் மாறுகிறது. ஏறத்தாழ 230° செ. அளவில் வைக்கோல் மஞ்சள், 260° அளவில் பழுப்பு, 280° அளவில் ஊதா, 300° அளவில் நீலம். எங்கள் ஆசாரியிடம் வெப்பமானி இல்லை. இந்த நிறமே அவருக்கு வெப்பமானி. அரிவாளின் முதுகை அனலில் காட்டி, வாயை நோக்கி நிறம் ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டேயிருந்து, வேண்டிய நிறம் வாய்க்கு வந்த கணத்தில் மறுபடி தண்ணீரில் நனைத்துவிடுவார். ஏன் நனைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "முதுகுச் சூடு இன்னும் வந்துக்கிட்டேயிருக்கும் தம்பி, விட்டா நிறம் தாண்டிப் போயிடும்" என்றார். முற்றிலும் சரியான விடை.

மணிகள்

அந்தத் தெறித்த துண்டை நான் திண்ணையிலிருந்து பொறுக்கி வைத்திருந்தேன். கல்லூரிக்கு வந்த பிறகு ஒருநாள் உருப்பெருக்கியின் கீழ் அதன் முறிந்த முகத்தைப் பார்த்தேன். கற்கண்டை உடைத்தாற்போல மணிமணியாய் மின்னியது. உரமுள்ள எஃகு முறிந்தால் முகம் சாம்பல் நிறமாக, நார் கிழிந்ததுபோல் இருக்கும். மணிகள் பெரிதாக இருந்தது மற்றொரு குற்றத்தையும் காட்டிக்கொடுத்தது. தோய்ப்பதற்கு முன்பே உலையில் சூடு மிகுந்துவிட்டிருக்கிறது. தேவைக்கு மேல் காய்ச்சினால் ஆஸ்டெனைட்டு மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பருத்துவிடும். பருத்த மணி, நீண்ட எல்லை; கீறல் தங்குதடையின்றி ஓட நல்ல பாதை. மணியை நுண்மையாக வைத்துக்கொள்வது ஒன்றே உறுதியையும் உரத்தையும் ஒருசேர உயர்த்தும் வழி என்று நூல்கள் கூறுகின்றன. மற்ற வழிகள் எல்லாம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பவையே.

ஒரு பள்ளத்தாக்கு

இதுவரை கூறியதைக் கொண்டு, 'பதமாக்கும் சூடு ஏற ஏற உறுதி குறையும், உரம் கூடும். வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்' என்று யாரும் முடிவு செய்வர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எண்களைப் பார்த்தபொழுதுதான் அது பிழை எனத் தெரிந்தது.

உயர் உறுதி எஃகுகளுள் புகழ்பெற்றது 4340 என்னும் எண்ணால் வழங்குவது. 0.4 விழுக்காடு கார்பன், 1.8 நிக்கல், 0.8 குரோமியம், 0.25 மாலிப்டினம் கொண்டது. நம் ஊர்ப் பட்டறைகளில் ஈ.என்.24 என்று சொல்லப்படுவது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. இதனை ஏறத்தாழ 845° செ. அளவில் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பர். பிறகு 205° அளவில் பதமாக்கினால் உறுதி சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1,980 நியூட்டன். மோதல் சோதனையில் விழுங்கும் ஆற்றல் 20 ஜூல். 315° அளவில் பதமாக்கினால் உறுதி 1,760 ஆகக் குறைகிறது. உரம் உயர வேண்டுமல்லவா? அதுவும் 14 ஜூலாகக் குறைகிறது! 425° அளவில் உறுதி 1,500. உரம் 16 தான். 540° அளவில்தான் விடிகிறது: உறுதி 1,240, உரம் 47. 650° அளவில் உறுதி 1,020, உரம் 100 ஜூல்.

கடினத்தைப் பாருங்கள். பிரினெல் எண் 520, 490, 440, 360, 290 என்று படிக்கட்டில் இறங்குவதுபோல ஒழுங்காக இறங்குகிறது. அதைமட்டும் அளப்பவனுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருப்பதே தெரியாது. இரண்டு விதமாகவும் நட்டம் தரும் பகுதி அது. உறுதியை விற்றும் உரம் வாங்க முடியவில்லை.

காரணம் இது. தோய்த்தபின்னும் மார்ட்டென்சைட்டுப் பாளங்களுக்கிடையே ஆஸ்டெனைட்டு மெல்லிய ஏடுகளாக மிஞ்சி நிற்கிறது. 250° முதல் 400° வரையுள்ள சூட்டில் அது சிதைந்து, அதே இடத்தில் சிமென்டைட்டு ஏடாகப் படிகிறது. செங்கற்களுக்கிடையே சுண்ணாம்புக்குப் பதில் கண்ணாடித் தகட்டை வைத்துக் கட்டியதுபோல் ஆகிவிடுகிறது. சிலிக்கன் இந்தச் சிமென்டைட்டின் பிறப்பைத் தாமதப்படுத்தும். அதனாலேயே 4340 எஃகில் சிலிக்கனை 1.6 விழுக்காடு அளவுக்கு உயர்த்தி 300எம் என்னும் எஃகைச் செய்தனர். அதில் பள்ளத்தாக்கு மேல் வெப்பநிலைக்குத் தள்ளிப்போய்விடுவதால் ஏறத்தாழ 300° அளவில் அஞ்சாமல் பதமாக்கலாம். ஆகாய விமானம் தரையிறங்கும்பொழுது முழு எடையையும் வாங்கும் சக்கரத் தாங்கிகள் பல இந்த எஃகால் ஆனவை.

இரண்டாம் பள்ளத்தாக்கு

முதல் பள்ளத்தாக்கைத் தவிர்ப்பது எளிது. அந்தச் சூட்டில் பதமாக்காமல் இருந்தால் போதும். இரண்டாவது வஞ்சகமானது. அது பதமாக்கும் சூட்டில் இல்லை; அதன்பின் ஆறவிடும் வேகத்தில் இருக்கிறது.

முதல் உலகப்போர்க் காலத்தில் பீரங்கிகளுக்கு நிக்கல்-குரோமியம் எஃகு பயன்பட்டது. 600° செ. அளவுக்கு மேல் நன்கு பதமாக்கிய எஃகே சிலபொழுது கண்ணாடிபோல் முறிந்தது. அதே வார்ப்பு, அதே சூடு, அதே கடினம். ஒரு துண்டு உரமாகவும் மற்றொன்று உரமற்றும் இருந்தது. பீரங்கிக்குப் பேர்போன செருமானியத் தொழிற்சாலையின் பெயரால் இதைக் 'குரூப் நோய்' என்றே அழைத்தனர். பதமாக்கியபின் தண்ணீரிலோ எண்ணெயிலோ விரைந்து ஆற்றியவை நலமாக இருந்தன. உலையிலேயே மெல்ல ஆறியவை நோயுற்றன. 575° முதல் 375° வரையுள்ள பகுதியை மெதுவாகக் கடப்பதே நோய்க்குக் காரணம் என்று தெரிந்தது. அரை விழுக்காடு மாலிப்டினம் சேர்த்தால் நோய் பெருமளவு தணிவதையும் கண்டனர். நோயுற்ற எஃகை மீண்டும் 600° அளவுக்கு மேல் காய்ச்சி விரைந்து ஆற்றினால் உரம் திரும்பிவிடும் என்பது இதன் விந்தை.

ஏன் என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. எஃகில் பாஸ்பரஸ், வெள்ளீயம், ஆன்டிமனி, ஆர்சனிக் ஆகியவை அழுக்காக ஒரு விழுக்காட்டில் சில நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். இவ்வணுக்கள் இரும்பின் அடுக்கில் சரியாகப் பொருந்தாதவை; மணிகளின் எல்லைகளில் சற்று நெகிழ்வான இடம் கிடைப்பதால் அங்கே போய் ஒதுங்க விழைபவை. 600° அளவுக்கு மேல் வெப்ப அசைவு மிகுதியாதலால் அவை அங்கே தங்குவதில்லை. 350° அளவுக்குக் கீழே தங்க விருப்பம் உண்டு. போய்ச்சேரக் கால்கள் இல்லை. இடைப்பட்ட பகுதியிலோ விருப்பமும் உண்டு, காலும் உண்டு. அங்கே நேரம் கொடுத்தால் எல்லை முழுவதும் அழுக்கு அணுக்கள் வரிசையாகக் குடியேறிவிடும். மணிகள் ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி நழுவிவிடும். மணியின் உட்புறமோ மாறுவதேயில்லை. ஆதலால் கடினமும் உறுதியும் மாறா. வெற்றிடத்துக்குள் எஃகை முறித்து, முறிந்த முகத்தை எலக்ட்ரான்களால் ஆராயும் ஆஜர் முறை 1960களின் இறுதியில் வந்தபொழுதுதான் இந்த ஓரிரு அணுத் தடிப்புள்ள குடியேற்றம் ஐயமின்றிப் புலப்பட்டது.

ஹிங்க்லி பாயின்ட்

அதே ஆண்டுகளில்தான் இங்கிலாந்தில் அந்த நிகழ்ச்சி நடந்தது. சாமர்செட் கடற்கரையில் ஹிங்க்லி பாயின்ட் 'ஏ' என்னும் அணுமின் நிலையம் 1965இல் மின்னாக்கம் தொடங்கியது, 2000இல் மூடப்பட்டது. 1969 செப்டம்பர் 19 அன்று அங்கிருந்த நீராவிச் சுழலி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தனர். நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் என்பது அதன் வழக்கமான வேகம். வேகம் எல்லை மீறினால் தானே நின்றுவிடுகிறதா என்று பார்ப்பதற்காக வேகத்தைக் கூட்டினர். ஏறத்தாழ 3,200 சுற்றை எட்டியபொழுது சுழலியின் கனத்த எஃகு வட்டு ஒன்று வெடித்துச் சிதறியது. சுழலி முழுவதும் பாழாயிற்று. அணு உலைக்கும் இதற்கும் தொடர்பில்லை; எந்த அனல்மின் நிலையத்திலும் நடந்திருக்கக்கூடியதே.

வேகம் 3,000இலிருந்து 3,200 ஆனால், சுழலும் பொருளில் தகைவு வேகத்தின் இருமடியில் ஏறுமாதலால், ஏறத்தாழ 14 விழுக்காடுதான் கூடும். இவ்வளவு சிறிய கூடுதலுக்கு எந்தப் பொறியாளரும் இடம் விட்டே கட்டியிருப்பார். ஆராய்ந்தபொழுது கிடைத்தது இது. வட்டை அச்சோடு பிணைக்கும் ஆப்பு உட்காருவதற்காக உள்விளிம்பில் வெட்டப்பட்ட காடியில், கடைசல்காரர்கள் கீவே என்கிறார்களே அதில், ஈர நீராவியின் அரிப்பும் தகைவும் சேர்ந்து ஒரு கீறலை உண்டாக்கியிருந்தன. அதன் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. நம் கைந்நகத்தின் தடிப்பைப்போல் சில மடங்கு, அவ்வளவுதான்.

வட்டின் எஃகு 3 விழுக்காடு குரோமியமும் மாலிப்டினமும் கொண்டது. மாலிப்டினம் இருந்தும் நோய் வந்தது எப்படி? கனத்த வட்டைப் பதமாக்கியபின் விரைந்து ஆற்றினால் வெளிப்புறம் முந்திக் குளிர்ந்து உள்ளே இழுவிசைகள் தங்கிவிடும். அது கூடாது என்று கருதி, உலையிலேயே மெல்ல ஆறவிட்டிருந்தனர். ஒரு தீங்கை விலக்கச் செய்த பரிவே மறு தீங்காயிற்று. 575° முதல் 375° வரையுள்ள அந்தப் பகுதியை வட்டு அங்குலம் அங்குலமாகக் கடந்தது.

ஒன்றரை மில்லிமீட்டர் என்பது ஏன் போதுமானதாயிற்று என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கண்ணாடி முறிவது பற்றி கிரிஃபித் 1920இல் கண்டதை, எஃகுக்கும் பொருந்துமாறு இர்வின் என்னும் அமெரிக்க அறிஞர் 1950களில் விரித்தார். பரப்பிலுள்ள கீறலின் ஆழத்தைப் பையால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதனைத் தகைவாலும் 1.12 என்னும் எண்ணாலும் பெருக்கினால் வருவது, எஃகின் முறிவு உரத்தை எட்டியதும் கீறல் ஓடிவிடும். காடியின் ஓரத்தில் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் என்றும், எஃகின் முறிவு உரம் 40 என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தகைவை மெகாபாஸ்கலிலும் ஆழத்தை மீட்டரிலும் கொண்டால் இந்த எண்கள் பொருந்தும். விடை 1.6 மில்லிமீட்டர். முறிவு உரம் 80 ஆக இருந்தால் 6.5 மில்லிமீட்டர். 120 ஆனால் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர். உரம் மும்மடங்கானால் தாங்கும் கீறல் ஒன்பது மடங்காகிறது. பதினைந்து மில்லிமீட்டர்க் கீறலைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். அது வளரும்வரை ஆண்டுகளும் கிடைக்கும். காடிக்குள் மறைந்திருக்கும் ஒன்றரை மில்லிமீட்டர்க் கீறலை, வட்டை அச்சிலிருந்து கழற்றாமல் யார் காண்பது?

வட்டின் எஃகு கடினத்தில் குறைவுடையதன்று, உறுதியிலும் குறைவுடையதன்று. அவ்விரு சோதனைகளை எத்தனை முறை செய்தாலும் மெல்ல ஆறிய வட்டுக்கும் விரைந்து ஆறிய வட்டுக்கும் வேற்றுமை தெரிந்திராது. வெட்டிட்ட துண்டை ஊசல் அடித்து முறிக்கும் எளிய சோதனைதான் அதைச் சொல்லும். அதையும் பல வெப்பநிலைகளில் செய்து பார்க்கவேண்டும். ஏனெனில் இந்நோய் உரமான முறிவு நொறுங்கும் முறிவாக மாறுகின்ற வெப்பநிலையையே மேலே தூக்கிவிடுகிறது. முன்பு உறைபனியில்தான் நொறுங்கும் என்றிருந்த எஃகு, நோய்க்குப் பின் நம் வகுப்பறைச் சூட்டிலேயே நொறுங்கத் தொடங்கும்.

நல்ல மருந்து எது? விரைந்து ஆற்றலாம், சிறிய உறுப்புகளுக்கு அது போதும். மிகக் கனமான வட்டிலும் சுழலி அச்சிலும் வெளிப்புறத்தை எவ்வளவு விரைவாக ஆற்றினாலும் நடுப்பகுதி தன் போக்கில்தான் ஆறும். ஆதலால் பெரிய வார்ப்புகளுக்கு மருந்து உலையின் ஆறுதலில் இல்லை, உருக்கும் தொட்டியில் இருக்கிறது. குடியேற ஆளே இல்லாதபடி பாஸ்பரசையும் வெள்ளீயத்தையும் குறைத்துவிடுவதே அது. பாஸ்பரசைச் சுண்ணாம்புக் கசடால் இழுத்து வெளியேற்றலாம். வெள்ளீயம் அப்படி வருவதில்லை. உருக்கும்பொழுது ஆக்சிஜன் இரும்பைத்தான் முதலில் பற்றும், வெள்ளீயத்தைத் தொடாது. பழைய இரும்போடு கலந்து வரும் பூச்சிட்ட தகர டப்பாக்களிலிருந்து அது எஃகுக்குள் நுழைகிறது. அந்த எஃகு தேய்ந்து, பழைய இரும்புக் கடைக்குப் போய், மறுபடி உருக்கப்படும்பொழுதும் வெளியேறாமல் அடுத்த வார்ப்புக்குள் போய்விடுகிறது.